அன்றாட உணவில் கீரை

நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ நாள்தோறும் 100 கிராம் கீரை உண்ணுமாறு பரிந்துரைக்கிறது. ஆயினும், ஆய்வதற்கு நேரமில்லை என்று நாம் கீரையைத் தள்ளிப்போடுகிறோம்.

முதலில் வேலையைப் பகிர்ந்துகொள்வோம். மாலையில் அனைவரும் கூடி அமர்ந்தால், ஒரு கட்டுக் கீரையை விரைவில் ஆய்ந்துவிடலாம். அதைக் கழுவாமல் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை வாடாது. சமைக்கும் முன் நன்கு அலசி, அதன்பின் நறுக்க வேண்டும். நறுக்கியபின் கழுவினால் சத்துகள் நீரோடு வெளியேறும்.

கீரைக்கெனத் தனியே ஒரு பதார்த்தம் செய்ய வேண்டுமென்பதில்லை. குஜராத்தியர் வெந்தயக்கீரையை மாவுடன் பிசைந்து தேப்லா செய்கின்றனர். நாமும் அடைமாவில் முருங்கைக்கீரையையும், பருப்பில் சிறுகீரையையும் சேர்க்கலாம். வங்காளிகள் உணவின் தொடக்கத்திலேயே கீரையைப் பரிமாறுவர். பசியோடு அமரும் குழந்தைகளுக்கு இவ்வழக்கம் ஏற்றது.

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் முழுமையாக ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் அது கூடுதலாக உட்கிரகிக்கப்படும். உணவோடு அருந்தும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். ஆகவே அவற்றை ஒரு மணி நேரம் கழித்து அருந்துவோம். சோகை உள்ளவர்களுக்குக் கீரை மருந்துக்கு மாற்றாகாது. அவர்கள் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

சிறுசேமிப்பைப் போலவே இதிலும் அளவைவிட ஒழுங்கே பெரிது. இவ்வாரம் இரு நாள்கள் எனத் தொடங்குவோம்.