தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் – மூன்று படிகளில்

பிளஸ் டூ வேதியியல் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் கூட உட்கார்ந்து படிக்கலாம்.

தண்ணீரைக் காய்ச்சினால் ஆவிதான் வரும். அந்த ஆவியை வெறும் சூட்டினாலேயே ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிக்க 2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அதனால்தான் இன்றும் ஹைட்ரஜனில் பெரும்பகுதியை இயற்கை எரிவாயு, நிலக்கரி இவற்றிலிருந்து எடுக்கிறார்கள். கூடவே கரியமில வாயுவும் வெளியேறுகிறது.

இதற்கு மாற்றாக 1970களில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனம் உருவாக்கியதே கந்தக-அயோடின் சுழற்சி. ஒரே தாவலில் ஏற முடியாத உயரத்தை இது மூன்று படிகளாக்கிவிடுகிறது.

முதல் படி: தண்ணீர், அயோடின், கந்தக டை ஆக்சைடு மூன்றையும் சுமார் 100 டிகிரியில் சேர்த்தால் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் அயோடைடும் உண்டாகும். அயோடின் கூடுதலாக இருந்தால் இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் போல அடுக்காகப் பிரியும். கந்தக அமிலம் மேலே நிற்கும்.

இரண்டாம் படி: கந்தக அமிலத்தைச் சுமார் 850 டிகிரியில் சிதைத்தால் ஆக்சிஜன் வெளியேறும். கந்தக டை ஆக்சைடும் தண்ணீரும் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஹைட்ரஜன் அயோடைடைச் சுமார் 450 டிகிரியில் சிதைத்தால் ஹைட்ரஜன் வரும். அயோடின் மிஞ்சும்.

கணக்குப் பாருங்கள். கந்தகமும் அயோடினும் திரும்பி வந்துவிட்டன. செலவானவை தண்ணீரும் வெப்பமும் மட்டுமே. வெப்பத்தை உயர்வெப்ப அணு உலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ பெறலாம் என்பது திட்டம்.

பிறகு ஏன் தொழிற்சாலை வரவில்லை? ரயில்வேயில் நீராவி எஞ்சின் பாய்லர்களோடு பழகியவன் நான். உப்புத் தண்ணீரே பாய்லர் குழாயை அரித்துவிடும். இங்கேயோ கொதிப்பது அமிலம்! 2004-இல் ஜப்பான் அணுசக்தி ஆய்வாளர்கள் கண்ணாடிக் கருவிகளில் ஒரு வாரம் இடைவிடாமல், மணிக்குச் சுமார் 30 லிட்டர் ஹைட்ரஜன் எடுத்தார்கள். ஆனால் கண்ணாடியில் தொழிற்சாலை கட்ட முடியாது. அரிப்பைத் தாங்கும் உலோகம், பீங்கான் வகைப் பொருள்களால் கருவி செய்து, அதே அளவை 150 மணி நேரம் எடுக்க 2019 ஆகிவிட்டது. ஒரு கிலோ ஹைட்ரஜன் என்பது சுமார் 11,000 லிட்டர். அந்த வேகத்தில் ஒரு கிலோவுக்கே 15 நாள் வேண்டும்!

நம் நாட்டில், மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்தச் சுழற்சியை ஆராய்ந்திருக்கிறது.

சமன்பாடு காகிதத்தில் எப்போதோ சரியாகிவிட்டது. பாத்திரம்தான் பாக்கி. வேதியியலோடு உலோகவியலும் விரும்பிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.