இரைப்பைப் புண்ணும் முன்சிறுகுடற் புண்ணும்

மாணவர்களே, "நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும்" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பரீட்சையில் இதனையே காரணமாக எழுதினால் புள்ளி கிடைக்காது. சரியான காரணங்களை விளங்கிக்கொள்வோம்.

1. புண் தோன்றும் விதம்
இரைப்பைச் சுவர் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் புரதத்தைச் சமிக்கச் செய்யும் பெப்சினையும் சுரக்கின்றது. இவை சுவரைத் தாக்காதவாறு சீதப்படை காக்கின்றது. இப்படை பாதிக்கப்பட்டால் சுவர் அரிக்கப்பட்டுப் புண் உண்டாகும்.

2. பிரதான காரணங்கள்
(அ) எலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியா. யூரியாவிலிருந்து அமோனியாவை உண்டாக்கி, சூழவுள்ள அமிலத்தை நடுநிலையாக்கி இது வாழ்கின்றது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ரொபின் வொரன் ஆகியோர் 1982 இல் இதனை வளர்த்துக் காட்டினர். பலர் நம்பாமையால் 1984 இல் மார்ஷல் அப்பற்றீரியாவைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி ஏற்பட்டது. 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.
(ஆ) அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்ற நோவு மாத்திரைகளைத் தொடர்ந்து பாவித்தல். பரசிற்றமோல் இவ்வகையைச் சேர்ந்ததன்று.

உறைப்பும் பட்டினியும் நோவைக் கூட்டலாம். பொதுவாக அவை தாமாகப் புண்ணை உண்டாக்குவதில்லை. புகைத்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

3. வேறுபாடு (பொதுவாக)
இரைப்பைப் புண்: உணவு உண்டபின் நோவு கூடும்.
முன்சிறுகுடற் புண்: வெறுவயிற்றிலும் இரவிலும் நோவு கூடும், உண்டால் தணியும்.

4. சிகிச்சை
அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் போன்ற மருந்து கொடுக்கப்படும். பற்றீரியா இருப்பின் நுண்ணுயிர்கொல்லிகளும் சேர்க்கப்படும். நோவு நின்றதும் மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

5. ஆபத்தான அறிகுறிகள்
தார் போன்ற கரிய மலம், இரத்த வாந்தி, திடீரெனத் தோன்றும் கடும் வயிற்றுநோ. முதலிரண்டும் புண்ணிலிருந்து இரத்தம் கசிவதையும், மூன்றாவது புண் துளைபட்டிருக்கலாம் என்பதையும் உணர்த்தும். புங்குடுதீவிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு வாணர் பாலத்தையும் பண்ணைப் பாலத்தையும் கடக்கவேண்டும். ஆகவே "விடியட்டும், பார்ப்போம்" என்று காத்திராமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். மூட்டுநோவுக்கு மாத்திரை எடுக்கும் அம்மம்மா, அப்பப்பா உள்ள வீட்டில் இதனை அவசியம் சொல்லிவையுங்கள்.

மாதிரி வினாக்கள்
1. சீதப்படையின் தொழில் யாது?
2. வயிற்றுப்புண்ணின் பிரதான காரணங்கள் இரண்டு தருக.
3. வயிற்றுப்புண் உள்ளவரின் மலம் கரிய நிறமாகக் காணப்படின் செய்யவேண்டியது யாது? ஏன்?

விடைகள்
1. அமிலம், பெப்சின் என்பவற்றிலிருந்து சுவரைப் பாதுகாத்தல்.
2. எலிக்கோபற்றர் பைலோரி தொற்று, நோவு மாத்திரைகளின் தொடர்ச்சியான பாவனை.
3. உடனே வைத்தியசாலைக்குச் செல்லல். புண்ணிலிருந்து இரத்தம் கசிகின்றமையால்.