ஊனத்தொகை மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் நம் வணிகப் பெருமக்கள் பலரின் குடோன் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார்கள். மூட்டை இறக்கும்போது ஒருவருக்கு விரல் நசுங்குகிறது. "நிரந்தர ஊனம் இல்லை" என்கிறது மருத்துவ வாரியம். அதோடு முடிந்ததா? இல்லை.

மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ, நேரடியாக இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் இதற்குக் கெடு 3 மாதம். 21.11.2025 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. எனவே கடிதம் கிடைத்த வாரமே கிளை அலுவலகத்தில் கெடுவைக் கேட்டறிவது நல்லது.

வக்கீல் கட்டாயமில்லை. தொழிலாளி தாமே முறையிடலாம். எழுதிக் கொடுத்தால் பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகியும் ஆஜராகலாம். ஊனத்தின் அளவு மட்டுமே தகராறு என்றால் எக்ஸ்ரேயும் மருத்துவச் சீட்டுகளும் முக்கியம். "வேலையில் நடந்த விபத்தே அல்ல" என்று மறுத்திருந்தால் வக்கீல் வைப்பது நலம்.

அங்கே நம் பதிவேடுதான் பெரிய சாட்சி. விபத்து நடந்த அன்றே நாள், நேரம், பார்த்தவர் பெயர் எழுதி, அறிக்கையையும் அனுப்பிவிட வேண்டும். நாம் கட்டும் 3.25 சதவீதமும், அவர் கூலியில் பிடிக்கும் 0.75 சதவீதமும் இந்த நாளுக்காகத்தானே! நம் விபத்துப் பதிவேட்டை இன்றே எடுத்துப் பார்ப்போம்.