கொத்துத் தலைவலியும் துணையின் கடமையும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. அருகில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பதை அப்பழமொழி கூறவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், விலங்கியல் கற்பிப்பவள். என் கணவர் கொத்துத் தலைவலியால் துன்புறுபவர். ஆறு ஆண்டுகளாக உடனிருந்து கண்டதையும், நூல்களிற் படித்து அறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நோயின் இயல்பு

ஒற்றைத் தலைவலி கண்டவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க விரும்புவார். கொத்துத் தலைவலி கண்டவரால் படுக்கவே இயலாது. எழுந்து நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், சுவரில் தலையை முட்டிக்கொள்வதும் உண்டு. வலி ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றியும் நெற்றிப் பொட்டிலும் எழும். அப்பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தாழும். ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை முதல் ஒரே நாளில் 8 முறை வரை வரலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களோ மாதங்களோ இவ்வாறு வந்து, பின்பு நெடுநாள் மறைந்திருக்கும். சிலருக்கு இடைவெளியின்றியே தொடரும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் இந்நோய் ஆண்களிடையே மிகுதி.

பலருக்கு இவ்வலி நாள்தோறும் குறித்த நேரத்தில், உறங்கிய ஓரிரு மணி நேரத்தில் வருகிறது. உடலின் நாட்கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் இருக்கிறது. 1998-இல் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி முதலிய ஆய்வாளர்கள் தாக்குதலின்போது மூளையைப் படமெடுத்து, அப்பகுதி கிளர்ந்திருப்பதைக் கண்டனர்.

முதற் கடமை: குறித்து வைத்தல்

என் கணவரின் வலியைச் சைனஸ் என்றார் ஒருவர். பல்வலி என்றார் மற்றொருவர். கடைவாய்ப் பல் ஒன்றும் பிடுங்கப்பட்டது, வலி நின்றபாடில்லை. மருத்துவரின் முன்னிலையில் வலி வருவது அரிது. வலியில் இருப்பவரோ கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. தம் கண் சிவந்திருப்பதையும் காண்பதில்லை. ஆகவே துணையே சாட்சி. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடிட்டு, வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், கண்ணும் மூக்கும் இருந்த நிலை ஆகியவற்றைக் குறித்தேன். 19 நாட்களில் 31 தாக்குதல்கள், யாவும் வலப்பக்கம், பெரும்பாலானவை இரவு ஒரு மணியை ஒட்டி. நரம்பியல் மருத்துவர் அந்தப் பக்கங்களைப் படித்து, சில கேள்விகள் கேட்டு, நோயின் பெயரைச் சொன்னார்; வேறு நோய் இல்லை என உறுதிசெய்யத் தலையைப் படமெடுக்கவும் செய்தார்.

இரண்டாம் கடமை: மருந்தை ஆயத்தமாக வைத்தல்

சாதாரண வலி மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்குமுன் தாக்குதலே முடிந்துவிடும். உடனடி நிவாரணம் தருவன இரண்டு: ஒன்று சுமாட்ரிப்டான் ஊசி, இதய நோயாளிகளுக்கு இது ஆகாது. மற்றொன்று தூய ஆக்சிஜன். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிமிடத்திற்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் ஆக்சிஜன் சுவாசித்த தாக்குதல்களில் 78 விழுக்காடு தணிந்தன. சாதாரணக் காற்றைச் சுவாசித்தவற்றில் 20 விழுக்காடே தணிந்தன. விட்ட மூச்சு மீண்டும் உள்ளே போகாதபடி, பை இணைத்த முகமூடி இதற்குத் தேவை. மருத்துவர் எழுதித் தந்த பின்னரே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

எங்கள் வீட்டில் சிலிண்டரின் அழுத்தமானியை மாலைதோறும் பார்ப்பது என் பொறுப்பு. சிலிண்டர் உள்ள அறையில் விளக்கோ ஊதுவத்தியோ ஏற்றுவதில்லை. ஆக்சிஜன் சிறு நெருப்பையும் பெருந்தீயாக்கும். தாக்குதல்களைத் தடுக்க வெரபாமில் என்னும் மாத்திரை உண்டு. அதற்கு அவ்வப்போது ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். நோய்க்காலத்தில் மதுவை அறவே விலக்க வேண்டும். சிறிதளவும் வலியைக் கிளப்பும்.

மூன்றாம் கடமை: உடனிருத்தல்

தாக்குதலின்போது அவரைப் பிடித்து உட்கார வைக்க முயல்வதில்லை. எப்படி இருக்கிறது எனக் கேட்பதுமில்லை. முகமூடியைக் கையில் கொடுத்து, நேரத்தைக் குறித்து, கூப்பிடு தூரத்தில் இருப்பேன். திருஷ்டி கழிக்க வந்த மாமியாரிடம், “இது நரம்பு நோய், அத்தை, குழந்தைகளை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். அன்று முதல் அவர் அதையே செய்கிறார்.

இந்நோய்க்குத் ‘தற்கொலைத் தலைவலி’ என்றும் பெயருண்டு. ஓர் இரவு என் கணவர், “இப்படியே போனால் நான் இருக்க மாட்டேன்” என்றார். வலியின் வேகத்தில் வந்த சொல் என்று அதை நான் தள்ளவில்லை. மறுநாள் காலை, வலியில்லாத வேளையில், “சாகலாம் என்று நினைக்கிறீர்களா?” என நேராகவே கேட்டேன். “சில இரவுகளில்” என்றார். இருவரும் சென்று மருத்துவரிடம் கூறினோம். மருந்தின் அளவு மாற்றப்பட்டது. மனத்துயருக்கு 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணும் உண்டு. இவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் வளரும் என அஞ்ச வேண்டியதில்லை.

என் கணவரின் நோய் தீர்ந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. ஆனால் ஒரு தாக்குதல் இப்போது பெரும்பாலும் இருபது நிமிடங்களில் அடங்குகிறது. மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தில் எவரேனும் ஒரு பக்கத் தலைவலியோடு, கண் சிவந்து, படுக்க முடியாமல் நடப்பதைக் கண்டால், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.