சேர்ந்து மிகுதலைக் குறிக்குஞ் சொற்கள்

நாடோறுஞ் சிறிது சிறிதாகச் சேர்ந்து மிகும் பொருள்களைக் கூறப்புகும் மாணாக்கர் பலர், "அதிகரித்தது" என்னும் ஒரு சொல்லையே எல்லாவிடத்தும் எழுதக் காண்கின்றோம். தூசியும் அதிகரித்தது, கடனும் அதிகரித்தது, கல்வியும் அதிகரித்தது என்பர். தமிழ்மொழி இவற்றிற்கு வெவ்வேறு சொற்களை உடைத்தாயிருத்தல் அழகு கருதி மாத்திரம் அன்று. ஒரு பொருள் எவ்வாறு சேர்ந்தது, யாவராற் சேர்ந்தது என்பவற்றை அச்சொற்களே அறிவிக்கும். அவற்றுட் சிலவற்றை இங்கே ஆராய்வாம்.

முதலாவது, சேரும் முறை. மேலிருந்து மெல்ல வந்து தங்குவது படிதல். ஏட்டின்மீது தூசி படியும். குளத்தின் அடியில் வண்டல் படியும். ஓடும் நீர் தடைப்பட்டு நிற்பது தேங்குதல். உள்ளிருந்து கசிந்து நிறைவது ஊறுதல். யாழ்ப்பாணத்திலே மழைநீர் சுண்ணக்கற்பாறையினுள் இறங்கித் தங்கிப் பின் கிணறுகளில் ஊறுகின்றது. பரந்து கிடந்தவை ஒன்றுபட்டுக் கட்டியாவது திரளுதல். தயிரைக் கடைய வெண்ணெய் திரளும். முன்னுள்ளதன்மேற் பின்னது கூடி உயர்வது ஏறுதல். 100 ரூபாவை நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுவட்டிக்கு வாங்கினான் ஒருவன், ஒன்றுஞ் செலுத்தாதிருப்பின், அக்கடன் முதலாண்டின் முடிவில் 110 ரூபாவும், இரண்டாமாண்டில் 121 ரூபாவும், மூன்றாமாண்டில் 133 ரூபா 10 சதமும் ஆகும். வட்டியின்மேலும் வட்டி வருதலின், "வட்டி ஏறிற்று" என்பதே ஈண்டுப் பொருந்தும்.

இரண்டாவது, செய்வான் உளனோ இலனோ என்பது. திரள் என்பது தன்வினை. திரட்டு என்பது பிறவினை. இவ்வாறே தேங்கு, தேக்கு எனவும், பெருகு, பெருக்கு எனவும், ஈண்டு, ஈட்டு எனவும் வரும். குவி என்பது இரண்டற்கும் பொதுவாய், குவிகின்றது, குவிக்கின்றான் என வேறுபடும். பொருளும் புகழும் முயல்வான் ஒருவனால் ஈட்டப்படுவன. சைவநூலார் வினையையும் ஈட்டப்படுவதாகவே கூறுவர். சஞ்சிதம் என்னும் வடசொல்லும் சேர்த்து வைக்கப்பட்டது என்றே பொருள்படும். வினை தானே வந்து படிந்த தூசி அன்று, செய்தவனுக்கே உரியது என்பது இச்சொற்களாற் பெறப்படும்.

இவ்வேறுபாட்டை யாமும் ஒருகால் மறந்தோம். பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணாக்கனின் தந்தையார்க்கு, "தங்கள் மைந்தன் கணக்கிற் பிழைகளைக் குவிக்கின்றான்" என்று எழுதினோம். தந்தையார் அவனைக் கடிந்து தண்டித்தார். பின்னர் விசாரித்தபோது, பின்னக் கணக்குக் கற்பித்த நாள்களில் அவன் சுரத்தினாற் கிடந்தமை புலனாயிற்று. அன்று விடுபட்ட ஒரு பாடத்தினால், அதன்பின் வந்த பாடங்களெல்லாம் அவன்பால் ஓடாது தேங்கி நின்றன. குவித்தான் என்று யாம் எழுதியது செய்யாத குற்றத்தை அவன்மேற் சுமத்தியதாயிற்று. "பாடங்கள் தேங்கின" என எழுதியிருப்பின், தந்தையார் கோலைத் தேடார். தடை யாதென வினாவியிருப்பார். அவனுக்குப் பின்னக் கணக்கை முதலிலிருந்து மீளக் கற்பித்தோம். தடை நீங்கியபின் ஏனையவும் ஒழுங்காயின.

கல்விக்கு உரிய சொல் யாது? திருவள்ளுவர் கல்வி யதிகாரத்தில் அதனை மணற்கேணி நீருக்கு உவமித்தார். கேணியிலே நீரைக் கொண்டுவந்து குவிப்பார் ஒருவருமிலர். தோண்டுதலே நம் தொழில், நீர் ஊறும். பல நூல்களின் பெயரை மனத்திற் குவித்து வைத்தலைக் கல்வியென்று கருதுவார் இதனைச் சிந்திப்பாராக.

மாணாக்கர்கள் கடன், சினம், பழக்கம், பாசி, செல்வம் என்னும் ஐந்தனையும் எடுத்து, ஒவ்வொன்றும் சேரும் முறையை ஆராய்ந்து, ஏற்ற வினைச்சொல் அமைத்து வாக்கியம் எழுதிப் பழகக்கடவர். எழுதுமுன், சேர்ந்தது தானாகவோ, ஒருவன் செயலாலோ என்று தம்மைத் தாமே வினாவுக.