எல்.டி.எல். நார்மல், எதற்கு மாத்திரை?

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மொத்தக் கொலஸ்ட்ரால் 184, ட்ரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 98. லேப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். நார்மல் என்று இருக்கிறது. நெஞ்சுவலியும் இல்லை. டாக்டர் ஏன் ஸ்டாட்டின் எழுதுகிறார்?
- வாசகர், திருமுக்கூடல்

பதில்: வீரராஜேந்திர சோழன் காலத்திலேயே 15 படுக்கையோடு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததைக் கோயில் கல்வெட்டில் வைத்திருக்கும் ஊர் உங்களுடையது. மருந்தென்றால் தயங்கலாமா?

ரிப்போர்ட்டில் உள்ள 'நார்மல்' பொதுவான அளவு. உங்களைப் போன்ற சர்க்கரை நோயாளிக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே இருப்பதே இலக்கு. மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: 150. இதுவும் 100-க்குள் இருக்க வேண்டும்.

இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் ட்ரைகிளிசரைடை அதிகமாக அனுப்புகிறது. எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகுகின்றன. ஒரே பாரத்தைப் பெரிய பஸ்ஸுக்குப் பதில் நிறைய ஷேர் ஆட்டோக்கள் சுமப்பது மாதிரி. ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்து படிபவை இந்தத் துகள்கள்தான். அவற்றின் எண்ணிக்கையை அபோ-பி பரிசோதனை காட்டும்.

2004-இல் வெளியான 'கார்ட்ஸ்' ஆய்வில், இதயநோய் இல்லாத 2,838 சர்க்கரை நோயாளிகள் பங்கேற்றார்கள். தினம் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன.

மாத்திரையால் சர்க்கரை சிறிது கூடலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். சோறு, இனிப்பு, மதுவைக் குறைத்து, தினமும் நடந்தால் ட்ரைகிளிசரைடு இறங்கும். அடுத்த முறை ரத்த அழுத்தத்தையும் சிறுநீர் ஆல்புமினையும் பார்க்கச் சொல்லுங்கள்.