லாரிக்கு அடியில் ஒரு சொட்டு: எந்த எண்ணெய், எங்கிருந்து?



நம்ம மாரமங்கலத்தில் காபி, மிளகு மூட்டை ஏற்றும் பழைய லாரி நின்றுவிட்டுப் போன இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். மலையில் அப்படி விட்டுவிட முடியாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். சேலம் சாலையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கியரும் கிளட்சும், இறங்கும்போது கியரும் பிரேக்கும்தான் உயிரைக் காக்கின்றன. எனவே ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை நான் தெரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

1. எந்த எண்ணெய்?

இரவில் வண்டிக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட வேண்டும். முன்பக்கம் எது என்று அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் சொட்டின் நிறத்தையும் வாசனையையும் பார்க்கலாம்.

* இன்ஜின் ஆயில்: டீசல் வண்டியில் கரி கலந்து கறுப்பாக இருக்கும்.
* கியர் ஆயில்: தேன் நிறம் அல்லது பழுப்பு. பிசுபிசுப்பு. கந்தக நாற்றம் அடிக்கும். பல்சக்கரங்கள் அழுத்தத்தில் உரசித் தேயாமலிருக்கக் கந்தகச் சேர்மம் கலக்கிறார்கள்.
* பிரேக் ஆயில்: மெல்லியது, வெளிர் மஞ்சள். பட்ட இடத்தில் பெயின்ட் உரியும்.
* சிவப்பு ஆயில்: பெரும்பாலும் பவர் ஸ்டியரிங். தானாகக் கியர் மாறும் வண்டிகளில் கியர் பாக்ஸ் எண்ணெயும் சிவப்பாக இருக்கும். நம்ம பழைய லாரிகள் கையால் கியர் போடுபவை.

2. ஒரு டம்ளர் தண்ணீர்ச் சோதனை

பல வண்டிகளில் கிளட்ச் வேலை செய்வதும் பிரேக் ஆயிலால்தான். அதன் சிலிண்டர் கியர் பாக்ஸ் பக்கத்திலேயே இருக்கும். அது ஒழுகினால் "கியர் பாக்ஸ் ஒழுகுது" என்று ஏமாந்துவிடுவோம். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கியர் ஆயில் அடர்த்தி குறைந்தது, நீரில் கரையாது, ஆகவே மிதக்கும். சாதாரண பிரேக் ஆயில் நீரோடு கலந்துவிடும். கலந்துவிட்டால் கதை வேறு! மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியை நகர்த்தவே கூடாது.

3. எங்கிருந்து?

சொட்டு விழும் இடம்தான் ஓட்டை என்று நினைக்கக் கூடாது. எண்ணெய் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமான பகுதியின் மேல்முனையையும் முன்முனையையும் தேட வேண்டும். பட்டறையில் முதலில் டீசல் போட்டுத் துடைப்பார்கள். காய்ந்ததும் சாக்பீஸ் பொடியைத் தூவிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால், பொடி முதலில் நனையும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

* அடியில் உள்ள பிளக்: செம்பு வாசர் தேய்ந்திருக்கும். எளிய வேலை.
* மூடி சேரும் இடம்: பேக்கிங் போயிருக்கும் அல்லது போல்ட் தளர்ந்திருக்கும்.
* பின்பக்கம், புரோப்பல்லர் ஷாப்ட் சேரும் இடம்: பின் ஆயில் சீல்.
* கிளட்ச் ஹவுசிங் அடி: கறுப்பாக இருந்தால் இன்ஜினின் பின் சீல், கந்தக நாற்றம் என்றால் கியர் பாக்ஸின் முன் சீல். இரண்டிலும் கிளட்ச் தட்டில் எண்ணெய் படலாம். பட்டால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். இன்ஜின் அலறும், வண்டி ஏறாது.

சீலை மாற்றுமுன் கியர் பாக்ஸின் மேலுள்ள காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும். சேறு அடைத்திருந்தால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். புது சீலும் ஒழுகும்!

4. எவ்வளவு போகிறது?

நிமிடத்துக்கு 10 சொட்டு என்றால் மணிக்கு 600. தோராயமாக 30 எண்ணெய்ச் சொட்டு 1 மில்லி என்று வைத்தால், மணிக்கு 20 மில்லி, ஒரு நாளுக்கு 480 மில்லி. கிட்டத்தட்ட அரை லிட்டர்! மலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாகிச் சொட்டு குறையும். ஏறி வந்த சூட்டில் இளகி அதிகமாகும். இரண்டு வேளையும் எண்ண வேண்டும்.

அளவு பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சரிவில் நின்றால் கணக்கு பொய். பல கியர் பாக்ஸ்களில் பக்கவாட்டுத் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் இருந்தால் சரி. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்று அதிகம் ஊற்றினாலும் சீல் வழியாக ஒழுகும்.

5. மறக்கக் கூடாதவை

* இன்ஜின் நின்று, சூடு ஆறி, நான்கு டயருக்கும் கட்டை போட்ட பிறகே அருகில் போகலாம்.
* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. அடியில் பார்ப்பது மெக்கானிக் வேலை. அட்டை, டம்ளர், கணக்கு நம்ம வேலை.
* சொட்டைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.
* பழைய எண்ணெயை ஓடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுக்க வேண்டும். அந்த ஓடைத் தண்ணீர் நமக்கும் மாட்டுக்கும்தானே!

சிந்திக்க: கியர் ஆயில் 90 என்றும் இன்ஜின் ஆயில் 40 என்றும் டப்பாவில் போட்டிருக்கிறது. 90 இரண்டு மடங்கு கெட்டியா? இல்லை! இரண்டுக்கும் அளவுகோல் வேறு வேறு. பாகுநிலையில் இரண்டும் ஏறக்குறைய பக்கம் பக்கம்தான். ஏன் இரண்டு அளவுகோல் என்று அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

நாளை காலை உங்கள் வீட்டு வண்டிக்கு அடியில் ஓர் அட்டை இருக்கட்டும்.